குடாவில் கொடுத்த மனு

தலைமைப் பொறியாளரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஆபீசில் கேட்கக் கூடாது என்பது அந்தக் குடிநீர் வாரியத்தில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த விஷயம். ஆபீசில் கேட்டால், "எழுத்துல குடுங்க" என்பார். எழுத்தில் கொடுத்தால் அது ஃபைலுக்குள் போகும். ஃபைலுக்குள் போனது என்ன ஆகும் என்று கேட்பவர்கள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்கள். மற்றவர்கள் பொறுத்திருந்து கடலில் கேட்பார்கள்.

மாதத்தில் ஒருநாள், நிலா இல்லாத இரவாகப் பார்த்து, சீஃப் கயாக்கில் மீன் பிடிக்கப் போவார். கயாக் என்பது ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. அதில் எழுந்து நிற்க முடியாது. ஃபைல் வைக்க இடம் கிடையாது. பேச்சு பிடிக்கவில்லையென்றால் "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு" என்று நழுவவும் முடியாது. ஒரு மேலதிகாரியை அசையாமல் உட்கார வைத்துக் குறையைச் சொல்ல மனித குலம் இதுவரை கண்டுபிடித்த இடங்களில் இதுதான் உத்தமம்.

கூட வருமாறு சீஃப் அழைப்பது அபூர்வம். அந்த அழைப்பு மீட்டருக்கு வந்தது.

மீட்டர் என்பது அவன் பேரல்ல. மீட்டர் பிரிவின் உதவிப் பொறியாளன் என்பதால் ஆபீஸ் முழுக்க அவனை அப்படித்தான் கூப்பிட்டது. பெண்டாட்டியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். போன வாரம் அவனுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மலை மேல் இருக்கும் நீரேற்று நிலையம், ஒன்பது மணி நேரப் பயணம், மாத முதல் தேதியில் சேர வேண்டும்.

அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி முதல் மூன்று வருடம் அவள் ஒரு ஊர், அவன் ஒரு ஊர். பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, பஸ் ஸ்டாண்டில் சண்டை போட்டு, அடுத்த பஸ் வருவதற்குள் சமாதானமும் ஆகிவிட வேண்டிய குடும்பம். கெஞ்சிக் கூத்தாடி அவள் இந்த ஊருக்கு மாற்றல் வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. யாருடைய பல் தேய்க்கும் சத்தம் யாருக்கு எரிச்சல் என்பதே இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள், அவன் கொக்கிப் பாக்கெட்டைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே.

"கேட்கத்தானே போறேன், நீந்தவா போறேன்?"

"நேரா சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க. அழுதுடாதீங்க."

"அழுதாலும் தெரியாது. அங்க எல்லாமே உப்புத் தண்ணிதான்."

"ஜோக்கெல்லாம் திரும்பி வந்து சொல்லுங்க. முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு." அவன் சட்டைப்பையில் ஒரு சின்னத் துணிச் சுருளைத் திணித்தாள். கட்டுப்போடுகிற துணி. நர்ஸைக் கட்டியவன் வெறும் கையோடு எங்கேயும் போக முடியாது.

கடற்கரையில் சீஃப் முன்னமே வந்து நின்றிருந்தார். உயிர்காப்புச் சட்டையில் பதினோரு பை, பைக்கு ஒரு கருவி. கழுத்தில் விசில். நெற்றியில் விளக்கு. மணிக்கட்டில் அலை ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் கடிகாரம். மீனைத் தவிர வேண்டியது எல்லாம் அவரிடம் இருந்தது. பக்கத்தில், எள் என்றால் எண்ணெயாக நிற்பதற்காகவே பிறந்த இரண்டு பேர்: பி.ஏ., அப்புறம் ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர். பி.ஏ. ஒல்லி. ஸ்டோர்ஸ் அவர் வேலை பார்க்கும் கிடங்கின் கதவை நிறைக்கிற உருவம்.

"ராத்திரி மீன் பிடிக்கறதுக்கு முதல் விதி மௌனம்" என்று சீஃப் தொடங்கினார். மௌனத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். மீனுக்குக் காது எங்கே இருக்கிறது, தண்ணீரில் சத்தம் எவ்வளவு வேகமாய்ப் போகும், தான் இளைஞனாக இருந்தபோது எவ்வளவு மௌனமாக இருந்தார் என்றெல்லாம் விளக்கினார். இரண்டாவது விதியும் மௌனம்தான் என்று தெரிந்தபோது ஸ்டோர்ஸ் கொட்டாவியை இருமலாக மாற்றினார்.

"மூணாவது விதி. படகுக்குப் பின்னாடி கம்பத்துல வெள்ளை விளக்கு எப்பவும் எரியணும், பெரிய படகு வந்தா நாம இருக்கறது தெரியணும். ஆனா நெத்தி விளக்கை மீன் சிக்கினாத்தான் போடணும். இரை கோக்கறது, கட்டறது எல்லாம் இருட்டுலயே. கைக்குப் பழகணும். புரியுதா தம்பி?"

"புரியுது சார்."

"நாலு வருஷமா நான் இந்தக் குடாவைப் படிக்கறேன். மீன் குறைஞ்சுபோச்சு. ஒரு மாநாட்டுல பேசினேன் இதைப்பத்தி."

"நாப்பத்திரண்டு ஸ்லைடு" என்றார் பி.ஏ.

"ஒவ்வொண்ணும் ஒரு முத்து" என்றார் ஸ்டோர்ஸ்.

நான்கு கயாக்குகளும் தண்ணீரில் இறங்கின. குடா மூன்று பக்கமும் கரை சூழ்ந்து, வாய் மட்டும் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. அலை பெரிதாக இல்லை. துடுப்புப் பட்ட இடமெல்லாம் தண்ணீர் பச்சையாக மினுங்கி அணைந்தது. மீட்டருக்கு அதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடியே போனான். பாலத்து விளக்கின் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற கோட்டில் சீஃப் நங்கூரம் போட்டார். மீட்டரைப் பக்கத்திலேயே படகை நிறுத்தச் சொன்னார். மற்ற இருவரும் கொஞ்சம் தள்ளி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

மீட்டர் ஒரு இறாலைக் கொக்கியில் கோத்துத் தூண்டிலை வீசினான். இருட்டில் இரண்டு தடவை கட்டைவிரலைக் குத்திக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை. எப்போது பேச்சைத் தொடங்கலாம் என்று தொண்டையைச் செருமிய நேரத்தில், பி.ஏ.யின் கயாக் ஓசையில்லாமல் வந்து ஒட்டியது.

"தம்பி" என்றார் கிசுகிசுப்பாக. "சொல்ல மறந்துட்டேன். கொக்கி போடலைதானே?"

"என்னது?"

"கொக்கி, கொக்கி. போட்டுட்டியா?"

"கொக்கி போடாம எப்படி சார் மீன் பிடிக்கறது?"

"யாருய்யா உன்னைப் பிடிக்கச் சொன்னது?" பி.ஏ. சீஃப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்கினார். "சீஃப் பிடிக்கறதுக்கு முன்னாடி நாம பிடிச்சா நல்லாவா இருக்கும்? நானும் ஸ்டோர்ஸும் நாலு வருஷமா வெறும் ஈயக்குண்டும் இறாலும்தான் போடறோம். நூல்ல கட்டி இறக்கிடுவோம். மீனுங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகும், அதுங்களுக்கும் சந்தோஷம்."

"இது விதியா சார்?"

"விதியில்லை, வழக்கம். தரக்கட்டுப்பாட்டுல ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? முதல் தடவை வந்தார், முழ நீளத்துக்கு ஒண்ணு பிடிச்சார். அடுத்த மாசம் எங்க போனார் தெரியுமா?"

"எங்க?"

"மலை மேல. நீரேற்று நிலையம்."

மீட்டர் அவசர அவசரமாக ரீலைச் சுற்ற ஆரம்பித்தான். கொக்கியை வெட்டி எறிந்துவிட்டுப் பேச வேண்டியதுதான். நாலு சுற்றுதான் சுற்றியிருப்பான்.

தூண்டில் கோல் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் கிறீச்சென்று கத்தியது. கயாக்கின் மூக்கு தானாகத் திரும்பி, அவனைக் கேட்காமல் கிளம்பியது.

"விடு, விடு" என்றார் பி.ஏ. "வெட்டிடு."

வெட்டக் கத்தி வேண்டும். கத்தி மடியில்தான் இருந்தது. ஆனால் கோலைப் பிடித்த கையை எடுத்தால் கோல் போய்விடும், படகில் ஊன்றியிருந்த கால்களை எடுத்தால் தானே போய்விடுவான். மீன் அவனை இழுத்துக்கொண்டு நேராக, வேறு திசையே இல்லாதது மாதிரி, சீஃப் இருந்த இடத்துக்குப் போனது. அவர் தூண்டில் நரம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டமும் போட்டது. இப்போது சீஃபின் கோலும் வளைந்தது.

"சீஃப் பிடிச்சிட்டார்" என்று பி.ஏ. இருட்டுக்கு அறிவித்தார்.

"வாழ்த்துகள் சார்" என்று தூரத்திலிருந்து ஸ்டோர்ஸ். "சும்மாவா சொன்னாங்க, அனுபவம் அனுபவம்தான்."

சீஃப் ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனத்தின் மகிமையை இருபது நிமிடம் விளக்கியவர் முதல்முறையாக அதைக் கடைப்பிடித்தார். கோபம் தலைக்கேறிவிட்டது என்று மீட்டர் நினைத்தான். மலை, பனி, நீரேற்றும் மோட்டாரின் இரைச்சல், பஸ் ஸ்டாண்டில் அவள் நிற்பது, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் கத்தியைத் தேடினான்.

அப்போது மீன் துள்ளியது. நல்ல கொடுவா, ஒரு கை நீளம் இருக்கும். பாலத்து வெளிச்சத்தில் வெள்ளியாக மின்னி, காற்றில் ஒருமுறை உடம்பை முறுக்கி, குறி பார்த்தது போல் சீஃபின் மடியில் விழுந்தது.

அடுத்துக் கேட்ட குரல் யாருடையது என்று மீட்டருக்கு உடனே புரியவில்லை. மெல்லிய, மூச்சு அடைத்த குரல். "எடு. எடு. எடு. எடுத்துடுப்பா."

துடுப்பை இரண்டே இழுப்பு இழுத்துப் பக்கத்தில் போனான். சீஃப் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் மீன் படார் படாரென்று அடித்தது. பதினோரு பையில் இருந்த பதினோரு கருவியில் ஒன்றுகூட அவர் நினைவுக்கு வரவில்லை. மீட்டர் எட்டி மீனின் செவுளுக்குள் கையை விட்டான். செவுளின் ஓரம் பிளேடு மாதிரி உள்ளங்கையைக் கிழித்தது. விடாமல் தூக்கித் தன் படகுக்குள் போட்டுக் காலால் அமுக்கிக்கொண்டான். மீன் சிக்கினால் விளக்குப் போடலாம் என்பதுதானே விதி? போட்டான்.

அவன் கொக்கி மீனின் வாயில் இருந்தது. சீஃபின் நரம்பு அதன் உடம்பைச் சுற்றிப் பம்பரக் கயிறு போலச் சுற்றியிருந்தது. மீட்டர் சுற்றுகளை ஒவ்வொன்றாக விடுவித்து நுனிக்கு வந்தான். நுனியில் ஒரு ஈயக்குண்டு. அதன் கீழே தையல் நூலில், சட்டைக்குப் பொத்தான் தைக்கிற அக்கறையோடு கட்டிய ஒரு இறால். கொக்கி இல்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சீஃபும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்கை அணை" என்றார்.

அணைத்தான்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கெளுத்தி" என்றது இருட்டு. "மடியில விழுந்து தொடையில முள்ளை ஏத்திடுச்சு. மூணு நாள் காய்ச்சல். அதுக்கப்புறம் மீன் துடிச்சா எனக்குக் கை கால் ஓடறதில்லை. ஆனா கடல் பிடிக்கும்ப்பா. இந்த அமைதி பிடிக்கும். வராம இருக்க முடியலை. மீன் வேண்டாம்னு வெளியில சொன்னா என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணும் நினைக்க மாட்டாங்க சார்."

"அவனுங்ககிட்ட சொல்லிடாதே."

மீட்டர் யோசித்தான். சுற்றி வளைக்காதீங்க என்று அவள் சொல்லியிருந்தாள். "சார், அவங்களும் கொக்கி போடறதில்லை."

"என்னது?"

"நாலு வருஷமா. உங்களுக்கு முன்னாடி பிடிச்சிடக் கூடாதுன்னு."

சீஃப் திரும்பி, தூரத்தில் எரிந்த இரண்டு வெள்ளை விளக்குகளையும் நெடுநேரம் பார்த்தார். "அப்போ இந்தக் குடாவுல மீன் குறையலையா?"

"இல்ல சார். நாமதான் பிடிக்கலை."

"நாப்பத்திரண்டு ஸ்லைடுய்யா" என்றார். "மேடையில மாலையெல்லாம் போட்டானுங்க." அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று மீட்டர் பயந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் சிரிப்பது போல. "ஏன்டா பயந்தானுங்க?"

"தரக்கட்டுப்பாட்டு சார் ஒருத்தர் பிடிச்சாராம். மலைக்கு மாத்திட்டீங்களாம்."

"அவனா? அவனே கேட்டு வாங்கிட்டுப் போனான். அது அவன் மாமனார் ஊரு."

இதைவிட நல்ல நேரம் வராது என்று மீட்டருக்குத் தெரிந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. "என்னையும் அங்கதான் போட்டிருக்கீங்க சார். கல்யாணமாகி மூணு வருஷம் தனித்தனியா இருந்தோம். இப்பதான் பதினோரு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம். என்னை அனுப்பாதீங்க."

"உன்னை யாரு அனுப்பினது?"

"நீங்கதான் சார். கையெழுத்து இருக்கு."

"நானா? ஏன்?"

"தெரியலை சார்."

சீஃப் தலையைச் சொறிந்தார். "ஒரு நாள் கட்டுக் கட்டா வந்துது. அதுல இருந்திருக்கும். லிஸ்ட்ல முதல் பேரு உன்னுதா இருந்திருக்கும்." பிறகு இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பி.ஏ., மலைக்குப் போறேன்னு வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"ரெண்டு பேர் சார்" என்று பதில் வந்தது. "அந்த ஊர்க்காரங்க. ஒருத்தர் ஆறு மாசமாக் கேட்கறார்."

"எனக்கு ஏன்யா சொல்லலை?"

"எழுத்துல குடுத்திருக்காங்க சார்."

அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

"அந்த ஆறு மாசக்காரரை அனுப்பு. மீட்டர் இங்கேயே இருக்கட்டும். காலையில முதல் வேலையா டைப் பண்ணு, நான் கையெழுத்துப் போடறேன். படிச்சுட்டே போடறேன்."

மீட்டருக்கு உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல் இருந்தது. அப்போதுதான் கை எரிவதே தெரிந்தது. சட்டைப்பையில் இருந்த துணியை எடுத்து வாயால் கடித்துச் சுற்றிக்கொண்டான். நன்றி சொல்ல வாயைத் திறந்தபோது சீஃப் முந்திக்கொண்டார்.

"ஒரு விஷயம். மாசா மாசம் நீ வரணும். என் பக்கத்துலேயே நிக்கணும். என் மேல எது விழுந்தாலும் நீ எடுக்கணும்."

"எடுக்கறேன் சார்."

"இன்னொரு கொக்கி வச்சிருக்கியா?"

பாக்கெட்டை நீட்டினான். சீஃப் நெற்றி விளக்கைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நாலு வருடத்துக்குப் பிறகு ஒரு கொக்கியைக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை நின்றது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார். பிறகு விசிலை ஒரு ஊது ஊதி, குடா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாரும் கேளுங்கய்யா. இன்னிக்கு இங்க மீன் இருக்கு. எல்லாரும் கொக்கி போடுங்க."

இரண்டு வெள்ளை விளக்குகள் ஒன்றையொன்று பார்ப்பது போல லேசாகத் திரும்பின.

"சார்" என்றார் பி.ஏ., ஒரு யுகம் கழித்து. "எங்ககிட்ட கொக்கி இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?"

"ஸ்டாக்ல இல்ல சார்" என்றார் ஸ்டோர்ஸ், பழக்க தோஷத்தில்.

சீஃப் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார். மீட்டர் பாக்கெட்டைப் பல்லில் கவ்வி, துடுப்புப் போட்டு ஒவ்வொரு படகாகப் போய்க் கொக்கி விநியோகம் செய்தான். பி.ஏ. வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லிட்டேன். சிரிக்கறார்."

"கோபச் சிரிப்பா?"

"நிஜச் சிரிப்பு சார்."

பி.ஏ. பெருமூச்சு விட்டு, துடுப்பை மடியில் வைத்து, பின்னால் சாய்ந்தார். நாலு வருடமாக நேராக நிமிர்த்திப் பிடித்திருந்த முதுகு வளைந்து உட்கார்ந்தது. "அப்பாடா" என்றார். "மாசா மாசம் இறாலுக்கு நூல் கட்டியே என் கண்ணு போச்சுய்யா."

அரைமணி நேரத்தில் ஸ்டோர்ஸுக்கு ஒரு மீன் விழுந்தது. அதைப் படகுக்குள் இழுத்ததும் அந்தப் பெரிய உடம்பு "ஐயோ பாரேன், பாரேன்" என்று குலுங்கியதில் கயாக் கவிழப் பார்த்தது. சீஃபுக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஒரு தடவை கோல் லேசாக அசைந்தபோது "மீட்டர், மீட்டர்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கடற்பாசி. பாசியை எடுத்துத் தூரப் போட்டதற்கு அவர் சொன்ன நன்றி, அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆபீசில் கேட்காத அளவுக்கு மனமார்ந்ததாக இருந்தது.

மீட்டர் வீட்டுக்கு வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. அவள் ஆறு மணி டியூட்டிக்குச் சீருடை மாட்டி, தலை பின்னிக்கொண்டே கதவைத் திறந்தாள். பின்னலை முடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போக வேண்டாம்" என்றான்.

"யாரு சொன்னா?"

"சீஃப்தான். எனக்குப் பதிலா வேற ஒருத்தர் போறார். அவருக்கு அதுதான் வேணுமாம்."

"சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமா. காலையில டைப் ஆகுது. பி.ஏ. என்னை வீட்டுல இறக்கிவிட்டுட்டு நேரா ஆபீசுக்குத்தான் போறார்."

அவள் பின்னலை விட்டாள். அது பாதியில் அவிழ்ந்து தோளில் விழுந்தது. பிறகுதான் அவன் கையைப் பார்த்தாள். துணியெல்லாம் ரத்தமும் செதிலும்.

"இதை யாரு சுத்தினது? இப்படியா சுத்துவாங்க? முதல் வருஷப் பொண்ணுங்க இதைவிட நல்லா சுத்துவாங்க." அவனை இழுத்துச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அமிழ்த்தினாள். காயத்தைப் பிரித்துப் பார்த்தாள். தையல் வேண்டாம் என்று முடிவு செய்தாள். மருந்தை ஊற்றியபோது அவன் துள்ளினான்.

"அசையாதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, சீஃப் என்ன சொன்னார்?"

"மீட்டர் இங்கேயே இருக்கட்டும்னார்."

"இங்கேயே இருக்கட்டும்னா?"

"இங்கேயே இருக்கட்டும்னுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெகு நேர்த்தியாக, தேவைக்கு இரண்டு சுற்று அதிகமாகவே கட்டுப் போட்டாள். சுவரில் மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. கைப்பையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு போனை எடுத்து வார்டுக்குப் பேசினாள். "அக்கா, நான் அரைமணி நேரம் லேட்டா வர்றேன். இல்ல, ஒண்ணும் பிரச்சினை இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணுமே பிரச்சினை இல்ல அக்கா."

போனை வைத்துவிட்டு, மீன் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.